ஓட்டை போட்ட பட்டன்

எங்கள் ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், நத்தை ஆறு என்று சொல்வேன். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நம்பாமல் சிரிப்பார்கள். மலேசியத் தமிழர்களுக்குச் சுங்கை சிப்புட் என்றால் மந்திரியாக இருந்த துன் சம்பந்தனின் ஊர். வரலாறு படித்தவர்களுக்கு, 1948 ஜூன் 16ஆம் தேதி பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றதில், மலாயாவின் அவசரகாலம் தொடங்கிய இடம். நத்தையைப் பற்றி இங்கே ஒருவரும் பேசுவதில்லை. ஐம்பத்து நான்கு வருஷமாக இங்கேயே இருக்கும் நானும் பேசியதில்லை. இன்றைக்குப் பேசப்போகிறேன். ஆனால் ஆற்று நத்தையைப் பற்றி இல்லை, கடல் நத்தை ஒன்றைப் பற்றி. ஊர்ப் பெயர் கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

நான் தையல்காரி. பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கடை. பள்ளிச் சீருடை, ரவிக்கை, பாஜு கூரோங், தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் தூக்கமில்லாமல் பஞ்சாபி சூட். முப்பத்தெட்டு வருஷமாகப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன். இது பட்டன் மாதிரி இருக்கிற ஒரு நத்தையின் கதை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கிற வேலை. அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். 1978 வாக்கில் அவர் ‘சிதம்பரம்’ கப்பலேறி ஊருக்குப் போய்விட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அன்றைக்கு லயமே அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. இரும்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன: பழனி விபூதி, ஈயம் வைத்து அடைத்த செம்பில் ராமேஸ்வரத் தீர்த்தம், யாருக்கோ ஒரு சுங்குடிச் சேலை. எங்கள் அம்மாவுக்கு ஒரு கண்ணாடி. முகம் பார்க்கிற இடம் உள்ளங்கை அகலம்தான். அதைச் சுற்றிய சட்டம் முழுக்கச் சின்னச் சின்னச் சிப்பிகளை நெருக்கி நெருக்கி ஒட்டியிருந்தார்கள்.

ஒவ்வொன்றும் சட்டைப் பட்டன் அளவு. மேல் பக்கம் லேசாகக் கூம்பியிருக்கும், கீழ்ப் பக்கம் தட்டை. தேய்த்து மெருகேற்றியதுபோல் பளபளக்கும். ரோஜா நிறம், பால் வெள்ளை, கோப்பி நிறம், புறாக் கழுத்துச் சாம்பல். சிலவற்றில் மின்னல் மாதிரிக் கோடு, சிலவற்றில் புள்ளி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. இத்தனை இருந்தும் ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. நானும் அண்ணனும் அவை பிளாஸ்டிக் என்று முடிவு கட்டியிருந்தோம். கடலையே பார்த்திராத பிள்ளைகள் வேறென்ன நினைப்போம்? அவற்றில் சிலதில் வட்டமாக, கச்சிதமாக ஓர் ஓட்டை இருந்தது. அம்மாவிடம் கேட்டதற்கு, “மாலை கோக்கலாம்னு ஓட்டை போட்டிருப்பான். அப்புறம் மனசு மாறி கண்ணாடியில ஒட்டிட்டான்” என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பதிலை நான் சந்தேகப்படவில்லை.

லயம் இப்போது இல்லை. பால்மரமும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கண்ணாடி உடைந்து எத்தனையோ வருஷமாகிறது, சட்டம் மட்டும் என் கடைச் சுவரில் தொங்குகிறது. வாடிக்கையாளர்கள் அதில் முகம் பார்க்கப்போய் ஏமாந்து நகர்வார்கள்.

என் சின்னவள் பினாங்கில் உயிரியல் படிக்கிறாள். போன வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, “அம்மா, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்” என்று விடிந்ததும் தெலுக் பஹாங்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே தேசியப் பூங்கா வாசல். உள்ளே காட்டுப் பாதை. மரவேர்களையே படிக்கட்டாக வைத்து ஏறி இறங்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் மெஷின் மிதித்த முழங்கால் எனக்கு. வழியெல்லாம் முனகிக்கொண்டே போனேன். தெலுக் ஆலிங் என்ற சின்ன வளைகுடாவில் நிறுத்தினாள். பல்கலைக்கழகத்தின் கடல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. கடல் நன்றாக வற்றிப்போய், ஈர மணல் நீளத்துக்குக் கிடந்தது.

என்ன இருக்கிறது இங்கே என்று கேட்டேன். அவள் குனிந்து விரல்களை மணலுக்குள் விட்டு ஒரு கை அள்ளினாள். ஓரமாகத் தேங்கிய தண்ணீரில் அலசிவிட்டு உள்ளங்கையை விரித்தாள். யாரோ என் பட்டன் டப்பாவை அதில் கவிழ்த்தது மாதிரி இருந்தது. ரோஜா, வெள்ளை, கோப்பி, சாம்பல். பதினைந்து இருபது இருக்கும்.

“கண்ணாடிச் சட்டத்துல இருக்கிறது” என்றேன்.

“ஆமாம்மா, அதேதான். உயிரோட இருக்கு பாருங்க.”

சொல்லி முடிப்பதற்குள் ஒரு பட்டன் நகர்ந்தது. ஓரத்திலிருந்து வெளிறிய சதை ஒன்று நீண்டு வந்து அவள் தோலைத் தடவியது, பிறகு ஒரே உதறலில் ஓடு புரண்டு விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணல்மேல் வைத்ததும் அது விளிம்பைச் சாய்த்தது, இரண்டு அசைவு, காணோம். பெருவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒன்று, ஊசி துணிக்குள் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. நான் நின்றுகொண்டிருந்த மணலைப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்றாள். காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பூங்காவில் எதையும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தோம். அதற்குள் ஒரு குரங்கு எங்கள் நெகிழிப்பையைத் திறந்துவிட்டது, அது வேறு கதை.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கேட்டேன், அவள் சொன்னாள். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. போனில் கேட்டு, அவள் அனுப்பியதைப் படித்து, புரியாததற்கு மறுபடியும் போன் போட்டு, இப்படித்தான் கீழே எழுதுகிறது சேர்ந்தது.

அதன் பெயர் அம்போனியம் வெஸ்டியாரியம். இந்தியக் கடல்களிலும் இருக்கிறது, நம் பக்கத்துக் கடல்களிலும் இருக்கிறது. ராமேஸ்வரச் சட்டத்திலும் பினாங்கு மணலிலும் ஒரே இனம் இருந்தது அதனால்தான். ஓட்டின் அகலம் ஒரு சென்டிமீட்டர் சுமார். எங்கள் தொழிலில் பட்டனுக்கு ‘லைன்’ என்று ஓர் அளவு உண்டு. நாற்பது லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆண்கள் சட்டையின் முன்பக்கத்துக்கு வைப்பது பதினெட்டு லைன், அதாவது பதினோரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நத்தையும் அந்த அளவுதான். ஆங்கிலத்தில் இதைப் பட்டன் நத்தை என்றே சொல்கிறார்களாம். வேறு எப்படிச் சொல்ல முடியும்?

அந்த நீளப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1758இல் சுவீடன்காரர் லின்னேயஸ் தன் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் இதற்கு டிரோக்கஸ் வெஸ்டியாரியஸ் என்று பெயர் வைத்தார். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு அந்தப் பதிப்பிலிருந்துதான் கணக்கு ஆரம்பம். டிரோக்கஸ் என்றால் சக்கரம், வளையம். நம் பம்பரம் மாதிரிக் கூம்பிய ஓடுகளையெல்லாம் அந்தப் பெயரில் அடுக்கியிருந்தார். வெஸ்டியாரியஸ் என்றால் உடுப்புக்குரியது. எந்த உடுப்பு, எந்த நினைப்பு என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. உடுப்பு என்ற சொல்லே ஒரு தையல்காரிக்குப் போதும்.

1807இல் லிங்க் என்ற ஜெர்மானியர் ரோஸ்டாக் பல்கலைக்கழகச் சேகரிப்பை வரிசைப்படுத்தும்போது, இது மற்றப் பம்பரங்களோடு சேர்க்கிற சாமான் இல்லை என்று தனிப் பேரினம் ஆக்கினார். அம்போனியம். லத்தீனில் அம்போ என்றால் கேடயத்தின் நடுவில் புடைத்திருக்கும் குமிழ். 1822இல் பிரெஞ்சுக்காரர் லாமார்க் இதே வகைக்கு ரொட்டெல்லா, குட்டிச் சக்கரம், என்று வேறு பெயர் கொடுத்தார். எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது. ஆனால் அறிவியலில் அழகுக்கு மார்க் இல்லை, முதலில் நம்பர் எடுத்தவருக்குத்தான் உரிமை. கிளினிக் மாதிரி. லிங்க் பதினைந்து வருஷம் முந்தியவர், அதனால் அம்போனியம் நிலைத்தது, ரொட்டெல்லா போயிற்று.

இதில் ஓர் இலக்கண வேடிக்கையும் உண்டு. டிரோக்கஸ் லத்தீனில் ஆண்பால், ஆகவே வெஸ்டியாரியஸ். அம்போனியம் ஆண்பாலும் இல்லை பெண்பாலும் இல்லை, நம் அஃறிணை மாதிரி ஒரு பால். அங்கே குடிபோனதும் வெஸ்டியாரியஸ் தன் விகுதியை மாற்றிக்கொண்டு வெஸ்டியாரியம் ஆகிவிட்டது. ‘அவன் நல்லவன்’ என்பது ‘அது நல்லது’ ஆவதுபோல. வீடு மாறியதற்கு அடையாளமாக லின்னேயஸின் பெயரையும் 1758ஐயும் அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். அடைப்புக்குறி இருந்தால், பெயர் வைத்தவர் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்று அர்த்தம். என் மகள் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வளைவுக்கோடு ஒரு முழுக் குடும்பக் கதையைச் சொல்கிறதே!

குடும்பம் என்றால் டிரோக்கிடே. பம்பரச் சங்குக் குடும்பம். அதற்குள் அம்போனியினே என்ற துணைக்குடும்பம். அதற்கு மேலே இருக்கிற அடுக்குகளை அவள் விளக்கியபோது பாதியிலேயே கை காட்டி நிறுத்தினேன். பழைய பெரிய பிரிவு ஒன்றைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கியிருக்கிறார்கள், இப்போது வெட்டிகாஸ்ட்ரோப்போடா என்ற கிளையில் இருக்கிறது, அவ்வளவு தெரிந்தால் போதும்.

சக்கரம், கேடயக் குமிழ், குட்டிச் சக்கரம், பட்டன். பெயர் வைத்தவர்கள் எல்லாரும் வெளி ஓட்டின் வடிவத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. உள்ளே இருப்பது என்ன செய்கிறது என்று வேரா ஃபிரெட்டர் என்ற ஆங்கிலேய அம்மையார் விரிவாக எழுதியது 1975இல். பெயர் வைத்து இருநூற்றுப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

அது சாப்பிடுகிற விதம்தான் விசேஷம். பம்பரச் சங்குக் குடும்பத்தில் பெரும்பாலானவை பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறவை. நாக்கில் வரிசை வரிசையாகப் பல் இருக்கும், தேங்காய்த் துருவி மாதிரி. பட்டன் நத்தைக்குப் பாறை இல்லை, மணல்தான். மணலில் எதைச் சுரண்டுவது? அதனால் அது வடிகட்டிச் சாப்பிடுகிறது. கடல் ஏறியதும் மணலுக்குச் சற்றுக் கீழே இருந்தபடி இரண்டு குழலை மேலே நீட்டும். கழுத்துக்கு இரு பக்கமும் இருக்கிற மடிப்பைச் சுருட்டினால் அதுவே குழல். இடது குழல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வலது வழியாக வெளியேறும். நடுவில் செவுள். பெரும்பாலான கடல் நத்தைகளுக்குச் செவுள் மூச்சுக்கு மட்டும்தான். இதற்கு அதன் இழைகள் நீண்டு, சீப்பு மாதிரி அடர்ந்து, தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய உணவையும் பிடித்துவிடுகின்றன. பிடித்ததைக் கோழையில் ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் வாய்க்குத் தள்ளும். கெராங்கும் மட்டியும் இப்படித்தான் சாப்பிடுகின்றன. ஆனால் அவை இரட்டை ஓட்டு உயிர்கள், வேறு வம்சம். நத்தை வம்சத்தில் பிறந்த ஒன்று மட்டிக்காரன் தொழிலைத் தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இடது வலது என்று சொன்னேனே, அதற்குப் பின்னாலும் ஒரு முறுக்கு இருக்கிறது. நத்தைகள் எல்லாவற்றுக்கும் இளம் வயதில் உடம்பு நூற்றெண்பது பாகை திருகிக்கொள்கிறது. பின்னால் இருந்த மலவாய் தலைக்கு மேலே வந்து நிற்கும். சட்டைக்குக் கையைத் திருப்பித் தைத்தது மாதிரி. தையல் வகுப்பில் நான் அப்படி ஒன்று தைத்து மாஸ்டரிடம் ஸ்கேலால் அடி வாங்கியிருக்கிறேன். நத்தை அப்படியே வாழ்ந்தாக வேண்டும். அசுத்தம் தலையில் கொட்டாமல் இருக்க வேண்டுமென்றால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து கெட்ட தண்ணீர் மறு பக்கம் போக வேண்டும். பட்டன் நத்தை இரண்டு பக்கத்துக்கும் குழாயே போட்டுக்கொண்டது.

ஓட்டின் சுருளைப் பற்றி அவள் சொன்னபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். நுனி மேலே, வாய் நம்மைப் பார்க்க வைத்துப் பிடித்தால் வாய் வலப் பக்கம் இருக்கும். ஆகவே இது வலச்சுருள் என்றாள். அப்படியானால் வலம்புரியா என்று கேட்டேன். இல்லையாம். நம் பூஜைச் சங்கில் எங்கும் கிடைக்கிற சாதாரணச் சங்குதான் அறிவியலுக்கு வலச்சுருள், அதை நாம் இடம்புரி என்கிறோம். லட்சத்தில் ஒன்றாக எதிர்ப்பக்கம் சுருண்டு பிறக்கிறதே, நாம் வலம்புரி என்று பட்டுத் துணியில் வைத்துக் கும்பிடுகிறது, அது அவர்கள் கணக்கில் இடச்சுருள். பிடிக்கிற விதம் வேறு, பெயரும் தலைகீழ். என் பட்டன் நத்தை அறிவியலுக்கு வலம், எனக்கு இடம். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டத்தைக் கழற்றிக் கீழ்ப் பக்கம் பார்க்க முடிந்த இரண்டு மூன்று சிப்பிகளில் இன்னொன்றும் கவனித்தேன். பல நத்தை ஓடுகளுக்கு அடியில், சுருளின் நடு அச்சில், ஒரு குழி இருக்கும். தொப்புள் என்றே அதற்குப் பெயர். இதற்குத் தொப்புள் கிடையாது. அந்த இடத்தை மெழுகு உருக்கி ஊற்றியதுபோல் ஒரு மேடு மூடியிருக்கிறது. தட்டையாக, வழவழப்பாக, எங்கும் மணல் சிக்காமல். மணலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஓட்டுக்கு அது வசதிதானே.

இனி அந்த ஓட்டை விஷயம்.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, ஓட்டை உள்ள சிப்பிகளைத் தடவிப் பார்த்தாள். “யார்ம்மா சொன்னது மாலை கோக்க ஓட்டை போட்டாங்கன்னு?” என்றாள். உன் பாட்டி என்றேன். “கொலைம்மா இது” என்றாள்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

நிலா நத்தை என்று ஒன்று இருக்கிறது. அதே மணலில், அதே மணலுக்கடியில் ஊர்கிற நத்தை. உருண்டை ஓடு, அகலமான பாதம். பட்டன் நத்தை கிடைத்தால் பாதத்தால் போர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓட்டில் ஓர் இடத்தில் வாயை வைத்து வேலை ஆரம்பிக்கும்: உறுப்பு ஒன்று அமிலம் கலந்த நீரைச் சுரந்து ஓட்டை இளக்கும், இளகியதைப் பல் நாக்கு சுரண்டும், மறுபடியும் நீர், மறுபடியும் சுரண்டல். அவசரமே கிடையாது. கடைசியில் வட்டமாக ஓர் ஓட்டை விழும், வெளிப் பக்கம் அகன்றும் உள் பக்கம் குறுகியும். அதன் வழியாக உள்ளே இருக்கிறதைத் தின்றுவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்தச் சரிவு அப்படியே இருக்கிறது. துளைபோடும் கருவியால் போட்டிருந்தால் பக்கம் நேராக இருந்திருக்கும். நாற்பது வருஷம் பட்டன் ஓட்டையையே பார்த்துப் பிழைத்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

பட்டன் நத்தை சும்மா மாட்டிக்கொள்வதில்லை. வேட்டைக்காரன் தொட்டதும் பாதத்தை வீசிப் புரண்டு தப்பப் பார்க்கும். அன்றைக்கு அவள் உள்ளங்கையில் ஓடு புரண்டதே, அவளை நிலா நத்தை என்று நினைத்திருக்கலாம். இன்னொரு எதிரி நட்சத்திர மீன். அது ஓட்டை கீட்டை போடாது, முழுசாக விழுங்கும். சதை கரைந்த பிறகு வெற்று ஓட்டைத் துப்பிவிடும். மலேசியக் கடற்கரை ஒன்றில் நிலா நத்தைகளுக்கும் ஒரு நட்சத்திர மீனுக்கும் இந்தப் பட்டன் நத்தை எப்படி இரையாகிறது என்று பெரி என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆக, ஓட்டை இருந்தால் கொன்றது யார் என்று தெரியும். ஓட்டை இல்லாவிட்டால் நட்சத்திர மீனாக இருக்கலாம், வயசாகிச் செத்ததாக இருக்கலாம், சிப்பி அள்ளுகிறவரின் கூடையாகவும் இருக்கலாம்.

நிலா நத்தை இன்னொரு வகையில் என் தொழிலுக்கு நெருக்கம். தெலுக் ஆலிங்கில் நான் காலால் ஒதுக்கிய ஒரு சாமான், ஈர மணல் நிறத்தில் வளைந்து, ரப்பர் துண்டு மாதிரிக் கிடந்தது. யாரோ வீசிய குப்பை என்று நினைத்தேன். அது நிலா நத்தையின் முட்டைகளாம். முட்டைகளை மணலோடும் கோழையோடும் பிசைந்து தன் உடம்பைச் சுற்றி வார்க்கும். நத்தை நகர்ந்த பிறகு நிற்கிற வடிவம் சாட்சாத் சட்டைக் காலர். ஆங்கிலத்திலும் மணல் காலர் என்றுதான் பெயர். கேன்வாஸ் வைக்காமலேயே விறைப்பாக நிற்கிறது. காலரைத் தைத்துவிட்டுப் பட்டனுக்கு ஓட்டை போடுகிற இதைக் கொலைகாரன் என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தொழில்காரன்.

பட்டன் நத்தை முட்டைக்கு அவ்வளவு மெனக்கெடுவதில்லை. ஆண் தனி, பெண் தனி. இரண்டும் தத்தம் பங்கைத் தண்ணீரில் விட்டுவிடும், சேர்வது கடலின் பொறுப்பு. அதிலிருந்து வருவது நீந்துகிற தூசி மாதிரி ஒரு குஞ்சு. கொஞ்ச காலம் மிதந்து, அந்தத் திருகலை முடித்துக்கொண்டு மணலில் இறங்கிவிடும்.

எங்கள் மாஸ்டர் கடையை மூடும்போது எனக்குக் கொடுத்த பழைய பட்டன் டப்பா ஒன்று உண்டு. அதில் அசல் சிப்பிப் பட்டன் ஒரு கைப்பிடி இருக்கிறது. அசலா என்று பார்க்கக் கன்னத்தில் வைப்போம், பிளாஸ்டிக் சுடாது குளிராது, சிப்பி ஜில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் இப்படிப் பட்டன் செய்ய வெட்டியெடுத்த ஓடுகளில் முக்கியமானது ஒரு பெரிய பம்பரச் சங்கு. லின்னேயஸ் 1767இல் அதற்கு டிரோக்கஸ் நிலோட்டிகஸ், நைல் நதிக்குரியது, என்று பெயர் வைத்தார். கடல் நத்தைக்கு நைல் நதியில் என்ன வேலையோ தெரியவில்லை, அது அங்கே இல்லவே இல்லை. ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை, தப்பு என்பதற்காக மாற்ற முடியாது. எங்கள் வீட்டில் ஒருவருடைய பிறப்புப் பத்திரத்தில் கிராணி தப்பாக எழுதிய பெயர் பேரப்பிள்ளை வரைக்கும் வந்திருக்கிறது, அதுபோலத்தான்.

ரொம்ப நாள் அந்தப் பெரிய பட்டன்காரனும் என் குட்டிப் பட்டனும் ஒரே டிரோக்கிடே குடும்பத்தில்தான் இருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பெரியவனை வெளியே எடுத்து டெகுலிடே என்ற குடும்பத்தில், ரோக்கியா என்ற பேரினத்தில் வைத்துவிட்டார்கள். ரோக்கியா நிலோட்டிகா. மறுபடியும் விகுதி மாற்றம், இந்தத் தடவை பெண்பால். என் பட்டன் மட்டும் டிரோக்கிடேயிலேயே இருக்கிறது. உண்மையில் பட்டன் ஆனவன் வேறு வீட்டுக்காரன், பட்டன் மாதிரி இருக்கிறவன் பழைய வீட்டிலேயே. இதைச் சொல்லி நான் சிரித்ததற்கு என் மகள் சிரிக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

ஜப்பானில் இந்தப் பேரினத்தின் வேறு ஓர் இனம் இருக்கிறது. கிசாகோ என்பார்கள். கண்ணாடிச் சில்லு வருவதற்கு முன்னால் அங்கே பெண் பிள்ளைகள் அந்த ஓட்டைத் தரையில் பரப்பி விரலால் சுண்டி விளையாடுவார்களாம். நாங்கள் லயத்தில் ரப்பர் கொட்டையை வைத்துக்கொண்டு அதே மாதிரி சுண்டியிருக்கிறோம். பல்லாங்குழிக்கும் ரப்பர் கொட்டைதான். அம்மா சட்டத்திலிருந்து ஒரே ஒரு சிப்பியைப் பெயர்க்க விட்டிருந்தால் அதையும் சுண்டியிருப்போம்.

மகள் பினாங்குக்குத் திரும்பிப் போன இரவு, கடையைச் சாத்திய பிறகு, மெஷின் விளக்கடியில் சட்டத்தை வைத்து எண்ணினேன். விழுந்தது போக இருநூற்றுப் பதினான்கு சிப்பி இருக்கிறது. ஓட்டை உள்ளது பதினொன்று. பதினொன்றிலும் அந்தச் சரிவு தெரிகிறது. மேல் மூலையில், பழைய பசைக்குள் பாதி முங்கிய ரோஜா நிறச் சிப்பி ஒன்றில் மட்டும் ஓட்டை முழுசாகவில்லை. வட்டமாக, ஆழமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, அடி விடவில்லை. போனில் படம் எடுத்து அனுப்பினேன். நள்ளிரவுக்கு மேல் பதில் வந்தது: “பாதியில விட்டிருக்கும்மா. தப்பிச்சிருக்கு.”

தப்பித்து, அந்தப் பள்ளத்தோடேயே இன்னும் கொஞ்ச நாள் மணலுக்குள் இருந்து தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்திருக்கும். அப்புறம்தான் ராமேஸ்வரத்தில் யாரோ அள்ளியிருக்கிறார்கள்.